உரியவரிடம் சேரவேண்டிய உயரம்



70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலை ஏறியவர்கள் அறிவார்கள்: அடிவாரத்தில் சூரியன் மறைந்த பின்னும் மலைவிளிம்பில் நிற்போருக்கு அது தென்படும். சமவெளியைவிட 1,000 மீட்டர் உயரத்தில், மேற்குத் திசை மறைப்பின்றி இருந்தால், மறைவு ஏறத்தாழ 4 நிமிடம் பிந்தும். நோன்பு திறப்போருக்கு இது சிறிய வேறுபாடன்று. 2011இல் துபாய் மார்க்க அறிஞர்கள், புர்ஜ் கலீஃபாவின் 80ஆம் மாடிக்கு மேல் வசிப்போர் 2 நிமிடம் பிந்தி நோன்பு திறக்குமாறு கூறியதும் இதனாலேயே.

ஆகவே நாங்கள் எழுதிவரும் தொழுகை நேரச் செயலியில் இடத்தின் உயரமும் ஓர் அமைவாக உள்ளது. அந்த ஜாவா நிரலைக் கட்டமைத்துச் சோதனைகளை நடத்துவது கிரேடில் என்னும் கருவி. கட்டளையுடன் உயரத்தைக் கொடுத்தால் அது கிரேடிலின் கைக்கு வரும். சோதனைகளோ தனியொரு ஜாவா இயந்திரத்தில் ஓடுகின்றன. உயரம் தானாக அங்குச் செல்லாது. வராத உயரத்தை நிரல் சுழியமெனக் கொண்டால், சமவெளிக் கணக்கே சோதிக்கப்பட்டுத் தேர்ச்சியும் பெற்றுவிடும்.

எனவே சோதனைப் பணிக்குரிய பகுதியில் 'சிஸ்டம் பிராப்பர்ட்டி' என்னும் கட்டளையால் உயரத்தை வெளிப்படையாகக் கையளிக்கிறோம். அது வந்து சேராவிடில் சோதனை தோற்கவேண்டும் என்றும் விதித்துள்ளோம்.

அமானிதங்களை உரியோரிடம் ஒப்படைக்குமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 58ஆம் வசனம் பணிக்கிறது. இடையில் நிற்பவர் பெற்றுக்கொள்வதால் ஒப்படைப்பு நிறைவேறாது. உரியவர் கையில் சேர்ந்ததா எனப் பார்ப்பதும் கொடுத்தவர் பொறுப்பே. பிறர் நோன்பு நம் கணக்கை நம்பியிருக்கையில் அப்பொறுப்பு இன்னும் கனமானது. அதை நிறைவேற்ற வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.