உறைந்தால் பாதை... உருகினால் உளை!

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் வடகோடியில், சுப்பீரியர் ஏரிக்குள் விரலை நீட்டியதுபோல ஒரு நிலப்பகுதி இருக்கிறது. கீவினா தீபகற்பம் என்று பெயர். சிகாகோவிலிருந்து வடக்கே காரில் ஏழெட்டு மணி நேரப் பயணம். ஒரு காலத்தில் தாமிரச் சுரங்கங்களுக்குப் பேர்போன பகுதி. சுரங்க வேலைக்கு வந்த பின்லாந்துக்காரர்களில் பலர், காடு வெட்டித் தீர்ந்த நிலங்களை வாங்கி விவசாயிகளாக மாறினார்கள். டோய்வோலா, டாபியோலா என்று அந்த மொழியிலேயே ஊர்ப் பெயர்களும் உண்டு.

என் அக்கா மகன் அங்கே ஹௌட்டன் நகரில் படித்தான். பட்டமளிப்பு விழாவுக்காக டிசம்பரில் போய் இரண்டு வாரம் தங்கினேன். "மாமா, இங்க விவசாயம் பாக்கணும்னா சாசெல் பக்கம்தான் போகணும்" என்று, தனக்குத் தெரிந்த ஒரு பண்ணைக்கு அழைத்துப் போனான். சாசெல், ஜூலையில் ஸ்ட்ராபெரித் திருவிழா நடக்கும் ஊர். டிசம்பரிலோ வரப்பும் வயலும் ஒரே வெள்ளை!

32 அடி பனி

இங்கே ஏன் இவ்வளவு பனி? வடக்கிலிருந்து வரும் கடுங்குளிர்க் காற்று, அதைவிட வெதுவெதுப்பான ஏரியின் மேல் வீசும்போது ஈரத்தை அள்ளிக்கொள்கிறது. கரை ஏறியதும் அதைப் பனியாகக் கொட்டிவிடுகிறது. நெடுஞ்சாலை ஓரத்தில் தெர்மாமீட்டர் போல ஓர் உயரமான பலகை வைத்திருக்கிறார்கள். 1978-79 குளிர்காலத்தில் விழுந்த 390.4 அங்குலம்தான் அதில் உச்சம். 32 அடிக்கும் மேல்! அது மொத்தமாக ஒரே நாளில் விழுந்ததல்ல, குளிர்காலம் முழுக்க விழுந்த கணக்கு. சாதாரண வருடங்களிலும் இந்தப் பகுதியில் 15 அடிக்குக் குறையாது என்கிறார்கள்.

நாங்கள் போன பண்ணை 40 ஏக்கர். அதில் 12 ஏக்கரில் வைக்கோல் புல்லும் ஸ்ட்ராபெரியும். மீதி பெரும்பாலும் சீடர் மரங்கள் நிற்கும் சதுப்பு. சதுப்புக்கு அந்தப் பக்கம் மேட்டுக்காடு. வீட்டைச் சூடாக்கும் விறகு அங்கிருந்துதான் வரவேண்டும். வீட்டிலிருந்து தார்ச்சாலைக்கு 200 மீட்டர் தடம்.

பண்ணைக்காரருக்கு 65 வயதுக்கு மேல். அவர் மனைவிக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி காலை ஏழு மணிக்குள் தடம் திறந்திருக்க வேண்டும். பனி தள்ளிக்கொண்டிருந்த பழைய பிக்கப் வண்டியின் சேஸிஸ் துருப்பிடித்து, அந்த நவம்பரோடு உயிரை விட்டுவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் தயவில் நாள் ஓடியது. கையில் இருக்கும் பணத்துக்கு எந்த வண்டி வாங்குவது என்பதுதான் அந்த வீட்டில் அன்றைய பேச்சு.

ஒரு அடிப் பனி எத்தனை டன்?

அவர் காகிதத்தில் போட்டுக் காட்டிய கணக்கு இது. 200 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், ஒரு அடி உயரம். மொத்தம் 180 கன மீட்டர் பனி. தூளாக விழும் புதுப்பனி கன மீட்டருக்கு 100 கிலோ என்று வைத்தாலும் 18 டன். மார்ச் மாதத்தில் ஈரம் ஏறிய பனி என்றால் 300 கிலோ, 54 டன் வந்துவிடும். இதைத் தள்ள எடையும் பிடிமானமும் உள்ள வண்டி வேண்டும்.

ஆனால் சதுப்பு கேட்பது நேர் எதிரானது. அங்கே எடை குறைவாகவும் டயர் அகலமாகவும் இருக்க வேண்டும். "டயருக்குள்ளே எவ்வளவு காற்றோ, ஏறக்குறைய அவ்வளவு அழுத்தம்தான் தரைக்கும் போகும்" என்றார். ஏ.டி.வி எனப்படும் நான்கு சக்கர பைக்கின் பலூன் டயரில் 5 முதல் 7 பி.எஸ்.ஐ காற்றுதான். காரில் 30-க்கு மேல். மனிதன் ஒற்றைக்கால் ஊன்றி நிற்கும்போது ஏறக்குறைய 8. அதனால் அவர் வைத்திருக்கும் சோதனை எளிமையானது. முதலில் நடந்து பார்ப்பது. தன் பூட்ஸ் கணுக்கால்வரை புதைந்தால், அந்த இடத்தில் டிராக்டர் அச்சுவரை போகும் என்று அர்த்தம்.

"எங்கள் ஊரில் கேஜ் வீல் மாட்டி சேற்றில் உழுகிறோமே" என்றேன். அவர் அதைக் கவனமாகக் கேட்டுவிட்டு, "உங்கள் வயலில் ஒரு ஜாண் கீழே கெட்டித்தரை இருக்கும். இங்கே கழியை விட்டால் ஆள் உயரத்துக்கு இறங்கும்" என்றார். நெல் வயலும் சதுப்பும் ஒன்றல்ல என்பது அப்போது புரிந்தது. மண் கொட்டி மேடாக்கலாம் என்றால், அங்கே ஈரநிலத்தை நிரப்ப மாநில அரசின் அனுமதி தேவை.

மூன்று வண்டிகள்

வியாபாரி பரிந்துரைத்தது சைடு-பை-சைடு வண்டி. ஸ்டியரிங், இரண்டு இருக்கை, பின்னால் சின்னத் தொட்டி. எடை 600 முதல் 800 கிலோ. முன்னால் டோசர் பிளேடு மாட்டலாம். சக்கரத்தைக் கழற்றிவிட்டு ரப்பர் செயின் பட்டை போட்டால் சதுப்பிலும் ஓடும். ஆனால் புதியது 10,000 டாலருக்கு மேல், பட்டைக்குத் தனிச் செலவு. நம் ஸ்கூட்டரில் இருப்பதுபோல பெரும்பாலான மாடல்கள் பெல்ட்டில் ஓடுபவை. தண்ணீர் புகுந்தால் பெல்ட் வழுக்கும். லோ கியரில் போடாமல் பாரம் தள்ளினால் கருகும்.

அதைவிடப் பெரிய சிக்கல், பிளேடு பனியை ஓரத்தில்தான் ஒதுக்கும். ஒதுக்கிய பனி இறுகிக் கல்லாகும். ஜனவரியில் இரண்டு பக்கமும் சுவர் எழும்பி, தடம் குறுகி, தள்ள இடமே இருக்காது. "வருடத்துக்கு மூன்று, நான்கு அடி விழும் ஊரென்றால் யோசிக்காமல் இதையே வாங்குவேன்" என்றார்.

இரண்டாவது, பிளேடு மாட்டிய இன்னொரு பிக்கப். அதிலும் அதே சுவர்ப் பிரச்னை. மூன்றாவது, 30 குதிரைத்திறன் கொண்ட பழைய நான்கு சக்கர இயக்க டிராக்டர், பின்னால் பி.டி.ஓ-வில் ஓடும் ஸ்நோ புளோயர். இது பனியை அரைத்து உள்ளிழுத்து, புகைபோக்கி போன்ற குழாய் வழியாகத் தூரத்தில் வீசிவிடும். சுவர் எழாது. பின்னோக்கியே ஓட்ட வேண்டும் என்பதால் கழுத்து வலிக்கும். குழாய் அடைத்தால் எஞ்சினை நிறுத்திவிட்டுக் குச்சியால்தான் எடுக்க வேண்டும். ஓடும்போது கைவிட்டு விரலை இழந்தவர்கள் உண்டு.

அவர் மூன்றாவதை எடுத்தார். நான் கிளம்புவதற்கு முன்பே வண்டி வந்து, சக்கரங்களுக்குச் சங்கிலியும் மாட்டியாகிவிட்டது.

பனியே போர்வை

அப்படியானால் சதுப்பைத் தாண்டி விறகு எப்படி வரும்? அதற்குப் பழைய ஏ.டி.வி-யை விற்காமல் வைத்துக்கொண்டார். அதன் எடை 300 கிலோதான். அதை அவர் பயன்படுத்தும் விதம்தான் எனக்குப் புதுப்பாடம்.

பனி விழுந்தால் சதுப்பு உறைந்துவிடும் என்று நினைத்திருந்தேன். உண்மை வேறு. புதுப்பனிக்குள் காற்று நிறைய இருப்பதால், கம்பளிபோல நிலத்தின் சூட்டைக் காக்கும். மேலே மைனஸ் 15 டிகிரி இருந்தாலும் கீழே சேறு சேறாகவே கிடக்கும். அதனால் ஒவ்வொரு முறை பனி விழுந்ததும், ஏ.டி.வி-யை அதே தடத்தில் பல தடவை ஓட்டி அழுத்துகிறார். காற்று வெளியேறிப் பனி இறுகுகிறது. குளிர் அதன் வழியே சேற்றுக்குள் இறங்குகிறது. பல வாரம் கழித்து, கடப்பாரையால் இடம் இடமாகக் குத்திப் பார்த்த பிறகே டிராக்டரை இறக்குவார். இங்கே மரம் வெட்டுபவர்களும் சதுப்புக் காட்டில் வேலையைக் குளிர்காலத்துக்குத்தான் வைத்துக்கொள்கிறார்கள்.

மார்ச்சில் உருகத் தொடங்கினால் டிராக்டருக்குச் சதுப்பில் இடமில்லை. அந்தப் பருவத்தில் மிச்சிகனில் பல சாலைகளில் கனரக லாரிகளுக்கே எடை வரம்பைக் குறைத்துவிடுகிறார்கள். தார்ச்சாலைக்கே அந்தக் கவனிப்பு என்றால், சேற்றுக்குச் சொல்லவா வேண்டும்!

நமக்கு என்ன?

நம் ஊரில் பனி தள்ள வேண்டியதில்லை. ஆனால் ஒரே வண்டி எல்லா வேலையும் செய்யும் என்ற பேச்சு நம் ஷோரூம்களிலும் கேட்கும். முன்பணம் கட்டும் முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதிப் பாருங்கள். ஒருநாள் நின்றாலும் குடும்பம் தவித்துப்போகும் வேலை எது? அந்த வேலைக்கு எடை வேண்டுமா, எடையே ஆகாதா? வண்டியை மாற்றாமல், வேலை செய்யும் மாதத்தை மாற்றினால் போதுமா?

முதல் கேள்விக்கு டிராக்டர் வந்தது. இரண்டாவது கேள்வி, பழைய ஏ.டி.வி-யை விற்காமல் காப்பாற்றியது. மூன்றாவது கேள்வியால் ரப்பர் பட்டைச் செலவு மிச்சம். நான் ஊர் திரும்பிய வாரம் அங்கே ஒன்றரை அடி பனி விழுந்ததாம். "மாமா, அவங்க ஒருநாள்கூட ஆஸ்பத்திரிக்கு லேட்டா போகல" என்று மருமகன் போனில் சொன்னான்.