ஊமைக் கித்தார்

இசைக்கருவிக்கும் நோய் உண்டு என்பதைத் தமிழர் நெடுங்காலத்திற்கு முன்பே அறிந்திருந்தனர். திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில், காந்தருவதத்தையோடு இசைப்போட்டிக்கு வந்த சீவகன், தன்முன் நீட்டப்பட்ட யாழ்களை ஒவ்வொன்றாக விலக்குகிறான். ஒன்றின் மரம் நீரில் நின்று இளகியது. ஒன்று வாளால் புண்பட்டது. ஒன்று இடி விழுந்தது. குற்றம் காணும் அந்தக் கூர்மையைப் பல்லாண்டுகள் வகுப்பறையில் வியந்து பேசியவர் கிள்ளானில் வாழும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். விலக்குவதற்கு அப்பாலும் ஒரு கலை உண்டு என்பதை, எழுபது வயதைக் கடந்த பின் ஒரு கித்தாரே அவருக்குக் கற்பித்தது.

அது அவருடைய மகனின் கித்தார். வெறுமனே மீட்டினாலும் ஒலிக்கும். கம்பியைச் செருகினால் ஒலிபெருக்கி வழியாகவும் பாடும். மகன் எஸ்.பி.எம். தேர்வு எழுதவிருந்த ஆண்டில், "கூத்தெல்லாம் போதும், புத்தகத்தை எடு" என்றார் தந்தை. அன்றே அதைப் பெட்டியில் வைத்து மூடினான் மகன். தேர்வில் தேறினான், நல்ல வேலையிலும் அமர்ந்தான், பெட்டியை மட்டும் திறக்கவில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்துப் பேத்தி அதை அலமாரியின் மேலிருந்து இறக்கிப் புதுத் தந்திகள் பூட்டினாள்.

"தாத்தா, பள்ளி விழாவில் வாசிக்க வேண்டும். கம்பியைச் செருகினால் ஊமையாக இருக்கிறது. கடையில் மின்பகுதி முழுவதையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். அப்பாவிடம் கேட்டால், 'அது பழசு, விடு' என்கிறார்."

அந்த 'விடு' என்ற சொல் ஆசிரியரின் நெஞ்சில் தைத்தது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கித்தாரின் முன் அமர்ந்தார்.

ஊமைக்குக் காரணம் தேடுமுன் பேச்சின் வழி தெரிய வேண்டுமல்லவா? வீணையில் குதிரை எனப்படும் உறுப்பு கித்தாரிலும் உண்டு. அதன் பிளவில் தந்திகளைத் தாங்கும் வெண்பட்டை ஒன்று நிற்கிறது. அதனடியில் மெல்லிய பிக்கப் கிடக்கிறது. சில படிகங்களை அழுத்தினால் மின்னூட்டம் தோன்றும் என்று கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டறிந்த உண்மையே அதன் அடிப்படை. தந்தியின் அதிர்வு பட்டையை அழுத்த, பிக்கப்பில் மெல்லிய மின்குறி பிறக்கிறது. உள்ளிருக்கும் சிறு பெருக்கி, 9 வோல்ட் மின்கலத்தின் துணையால் அதற்கு வலுவூட்டி வெளியே அனுப்புகிறது.

முதலில் மின்கல அறையைத் திறந்தார். பழைய மின்கலம் கசிந்து, முனைகளில் பூஞ்சணம் போல் உப்புப் படிந்திருந்தது. காடி தோய்த்த பஞ்சால் துடைத்து உலரவிட்டுப் புதியது வைத்தார். ஒலிபெருக்கியில் கரகரப்பு மட்டும் வந்தது. மின்கலத்தைக் கழற்றி, தந்திகளைத் தளர்த்தி, ஒலித்துளை வழியே கைவிளக்கைக் காட்டிப் பார்த்தார். கம்பி செருகும் ஜாக்கின் மரை தளர்ந்திருந்தது. செருகும்போதெல்லாம் ஜாக் முழுவதும் சுழன்று, உள்ளே இருந்த மின்கம்பி முறுகி அற்றிருந்தது. அதன் நுனியைச் சீவி, ஈயப்பற்று வைத்து, ஜாக் சுழலாதபடி பிடித்துக்கொண்டு மரையை இறுக்கினார். கம்பியைச் செருகினால்தான் மின்கலச் சுற்று மூடுகிறது என்பதையும் அப்போது கண்டார். வாசித்து முடித்தபின் கம்பியைக் கழற்றாவிட்டால் மின்கலம் வீணே தேய்ந்துபோகும்.

கித்தார் பேசியது. ஆனால் தந்திகள் மெட்டுகளுக்கு மேல் மிக உயர்ந்து நின்றன. நம் நாட்டு ஈரக்காற்றில் மரப்பலகை உப்பி, குதிரையையும் மேலே தூக்கியிருந்தது. பேத்தியின் விரல்கள் சிவந்தன. வெண்பட்டையைத் தேய்த்துத் தாழ்த்துவது வழி. தந்தியின் நடுவிடமான பன்னிரண்டாம் மெட்டில் அரை மில்லிமீட்டர் குறைய வேண்டுமானால், பட்டையில் ஒரு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். விழா நெருங்கியதால் ஆசிரியர் அவசரப்பட்டார். உப்புத்தாளைக் கையிலேயே பிடித்துக்கொண்டு பட்டையின் அடிப்புறத்தைத் தேய்த்தார்.

"தாத்தா, ஓரத்துத் தந்திகள் இரண்டும் ஏன் முணுமுணுக்கின்றன?" என்றாள் பேத்தி.

பட்டையின் அடி வளைந்துபோயிருந்தது. ஓரங்கள் பிக்கப்பின் மேல் படியவில்லை. அழுத்தம் இல்லாத இடத்தில் குரலும் இல்லை. ஆசிரியர் அதைக் கையில் வைத்து நெடுநேரம் பார்த்தார். நல்லது செய்வதாக நினைத்துச் செய்த அவசரம் ஒரு குரலை அடக்கியது இது முதன்முறையன்று.

மறுநாள் புதுப் பட்டை ஒன்று வாங்கிவந்தார். பென்சிலால் கோடிட்டு, கண்ணாடிப் பலகையின் மேல் உப்புத்தாளை ஒட்டி, பட்டையை நேராக நிறுத்தி, நூறு முறை தேய்த்தால் பத்து முறை அளந்தார். மாலைக்குள் ஆறு தந்திகளும் ஒத்த குரலில் ஒலித்தன.

அந்நேரம் வேலை முடிந்து வந்த மகன் வாசலிலேயே நின்றான். சற்றுப் பொறுத்து, "ஆறாம் தந்தி கொஞ்சம் இறங்கியிருக்கிறது" என்றான்.

"எனக்கு அது கேட்கவில்லை, ஐயா. நீயே வந்து பார்" என்றார் தந்தை. "அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்."

மகன் மறுமொழி கூறவில்லை. மகளின் அருகில் அமர்ந்து, திருகைச் சிறிது முறுக்கினான். பிறகு, மறந்துபோயிருக்கும் என்று எல்லாரும் எண்ணிய ஒரு மெட்டைத் தட்டுத் தடுமாறி வாசித்தான்.

சீவகனுக்குக் குற்றமற்ற யாழ் ஒன்று இறுதியில் கிடைத்தது. வீடுகளிலும் வகுப்பறைகளிலும் அத்தகைய கருவிகள் கிடைப்பதில்லை. பழுதானவற்றைக் கொண்டுதான் பாட வேண்டியிருக்கிறது. அவற்றுள் பல, அற்றுப்போன ஒரு கம்பிக்காக ஊமை என்று ஒதுக்கப்பட்டவை.

இரவு படுக்கப்போகுமுன், ஆசிரியர் கம்பியைக் கழற்றிவைக்கக் கூடத்திற்கு வந்தார். அது முன்பே கழற்றப்பட்டு, அழகாகச் சுருட்டிக் கித்தாரின் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தது. பெட்டி மூடப்படவில்லை.