விசைத்தறி ஊரின் சினிமா

மகாராஷ்டிரத்தில், மும்பைக்கு வடகிழக்கே 280 கி.மீ. அளவில் இருக்கும் மாலேகான் விசைத்தறியால் பிழைக்கும் ஊர். 1857க்குப் பிறகு வட இந்தியாவிலிருந்து வந்து குடியேறிய முஸ்லிம் நெசவாளர் குடும்பங்கள் வளர்த்த தொழில் அது. வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊர் 2006, 2008 குண்டுவெடிப்புகளின் வழியே அறிமுகம். உள்ளூரில் கேட்டால் வேறு கதை வரும். வெள்ளிக்கிழமை தறிக்கு விடுமுறை. தறிச் சத்தம் அடங்கிய அந்த ஒரு நாளில் கொட்டகைகள் நிரம்பும். அப்படிப் பார்த்துப் பழகிய கூட்டத்திலிருந்துதான் படம் எடுப்பவர்களும் கிளம்பினார்கள்.

முதலில் இறங்கியவர் நாசிர் ஷேக். வீடியோ பார்லர் நடத்தியவர். புரூஸ் லீ, சாப்ளின், பஸ்டர் கீட்டன் என்று கையில் கிடைத்த கேசட்டையெல்லாம் ஊருக்குப் போட்டுக் காட்டியவர். இரண்டு விசிஆரை இணைத்துக் காட்சிகளை வெட்டி ஒட்டப் பழகியதே அவர் படித்த திரைப்படக் கல்லூரி. 2000இல் ‘மாலேகான் கே ஷோலே’ வந்தது. செலவு சுமார் 50,000 ரூபாய்தான் என்பார்கள். மூலமான ‘ஷோலே’ என்ற இந்திப் படத்தில் கொள்ளையர்கள் குதிரையில் வருவார்கள். இதில் சைக்கிளில் வந்தார்கள்.

பெரிய படத்தைப் பகடி செய்வதை வெறும் குறும்பு என்று ஒதுக்கிவிட முடியாது. அதில் நல்ல சிக்கனக் கணக்கு இருக்கிறது. ஷோலேயின் வில்லன் கப்பர் சிங் யார் என்று மாலேகானில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கதையை நிலைநாட்டச் செலவாகும் முதல் அரை மணி நேரம் மிச்சம். அந்த இடத்தில் தண்ணீர்த் தட்டுப்பாடு, சாக்கடை, மின்வெட்டு என்று ஊர்க் கதையை நுழைக்கலாம்.

நடிப்பவர்கள் தறித் தொழிலாளிகள், கடைக்காரர்கள். சம்பளம் பெயரளவுக்குத்தான். ஷிப்ட் முடிந்தோ, விடுப்பு எடுத்தோ வருவார்கள். உள்ளூர்ப் பெண்கள் நடிக்க முன்வருவதில்லை என்பதால் நாயகி வெளியூரிலிருந்து வரவேண்டும். அவர் ஊரில் இருக்கும் நாட்களுக்குள் அவருடைய காட்சிகள் அத்தனையையும் எடுத்துவிட வேண்டும் என்பது படப்பிடிப்பு அட்டவணையின் முதல் விதி.

கருவிகளில்தான் இவர்களின் கைத்திறன் முழுதாகத் தெரிகிறது. டிராலிக்குத் தண்டவாளம் கிடையாது. கேமராவைப் பிடித்தவர் சைக்கிளில் உட்கார, மற்றவர்கள் சீராகத் தள்ளிக்கொண்டு போவார்கள். கிரேனுக்கு மாட்டுவண்டி. வண்டியின் பின்பக்கத்தை ஆட்கள் அழுத்தினால் நுகத்தடி மேலே எழும்பும், அதோடு கேமராவும் எழும்பும். ஓயாமல் பழுதாகும் இயந்திரங்களோடு வாழ்கிறவர்களுக்கு நெம்புகோலும் எடைச் சமநிலையும் புத்தகப் பாடமல்ல. இதை ‘ஏழைகளின் தந்திரம்’ என்று ரசித்துச் சிரிப்பது பத்திரிகைக்காரர்களின் வழக்கம். கேமரா எங்கே நகரவேண்டும் என்ற தெளிவு இல்லாமல் மாட்டுவண்டி மட்டும் கிரேன் ஆகிவிடாது.

நாசிர் ஷேக்கின் ‘மாலேகான் கா சூப்பர்மேன்’ படப்பிடிப்பை ஃபைஸா அகமது கான் உடனிருந்து ஆவணப்படமாக்கினார். ‘சூப்பர்மென் ஆஃப் மாலேகான்’ என்ற அந்தப் படத்தில் இந்த வேலை முறையை நெருக்கமாகப் பார்க்கலாம். சூப்பர்மேனாக நடிப்பவர் ஒல்லியான தறித் தொழிலாளி. வில்லனுக்கோ அசுத்தமும் புகையிலையும்தான் பிரியம். நாயகன் பறக்கும் காட்சிக்கு லாரியின் பக்கவாட்டில் பச்சைத் துணி கட்டப்படுகிறது. அதற்கு முன்னால் கட்டையில் அவரைக் குப்புறக் கிடத்தி லாரியை ஓட்டுகிறார்கள். காற்றில் மேலங்கி படபடக்கிறது. மின்விசிறிச் செலவு மிச்சம். பச்சையை நீக்கி வானத்தைச் சேர்ப்பது கணினியின் வேலை. நடுவில் கேமரா தண்ணீரில் விழுகிறது, பழுது பார்க்கும்வரை எல்லோரும் காத்திருக்கிறார்கள். கதாநாயகனின் கல்யாணத்துக்கும் ஒரு இடைவேளை உண்டு.

அந்த ஆவணப்படம் 2012இல் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. இவர்களின் கதையை வைத்து ரீமா காக்தி இயக்கிய ‘சூப்பர்பாய்ஸ் ஆஃப் மாலேகான்’ 2024இல் டொரண்டோ விழாவில் திரையிடப்பட்டு, அடுத்த ஆண்டு வெளியானது. ஊரின் கதை மும்பைப் பணத்தில் படமானபோது, அந்தக் கதையை வளர்த்த வீடியோ பார்லர்களின் காலம் முடிந்திருந்தது. குறுவட்டும் அதன் திருட்டுப் பிரதியும் வசூலைத் தின்றன. பிறகு கைப்பேசி வந்தது. இப்போது மாலேகானில் எடுக்கும் நகைச்சுவைக் குறும்படங்கள் நேராக யூடியூபுக்குப் போகின்றன. பாத்திரங்கள் பேசுவது பழையபடி கந்தேஷ் வட்டாரப் பேச்சுதான். பார்ப்பவர்கள் மட்டும் அந்த வட்டாரத்தைத் தாண்டிவிட்டார்கள்.