தகட்டுக்கு அடியில் இருந்த கறுப்பு

பெயர்த்தகட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். ரேடியோவின் முகப்பு முழுக்க யாரோ எப்போதோ அடித்துவிட்ட சாம்பல் நிறப் பெயிண்ட். தகடு இருந்த இடத்தில் மட்டும் தீப்பெட்டி அகலத்துக்குக் கன்னங்கரேலென்று, சுருக்கம் சுருக்கமாக, பழைய பூச்சு அப்படியே இருந்தது. எண்பது வருடமாக வெயிலும் கைவியர்வையும் படாத இடம். "இவ்வளவு போதும். இதை வைத்து மீதியைக் கண்டுபிடித்துவிடலாம்" என்றார்.

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் டேட்டன் நகரத்தை ஒட்டியிருக்கும் ஒரு கார் கொட்டகை அது. வருடாவருடம் மே மாதம் ஹாம் ரேடியோக்காரர்கள் கூடும் ஹாம்வென்ஷன் சந்தை, 2017இலிருந்து பக்கத்து ஊரான ஸீனியாவில் நடக்கிறது. அங்கே பழைய சாமான் கடைகளின் வரிசையில்தான் இந்த பி.சி.-348 ரிசீவரை வாங்கினேன். இரண்டாம் உலகப் போரில் பி-17, பி-24 குண்டுவீச்சு விமானங்களில் ரேடியோ ஆபரேட்டரின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த கருவி. வால்வு, கண்டென்சர் வேலையெல்லாம் எனக்கு ஓரளவு கைவரும். பெயிண்ட் வராது. அதனால்தான் இந்தப் பட்டறைக்காரர்களைத் தேடி வந்தேன்.

பட்டறையில் மூன்று பேர். பெரியவர் அடிபட்ட கார்களுக்கு நாற்பது வருடம் பெயிண்ட் அடித்தவர். தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மா ஒருவர், எழுத்துகளைச் சீர்செய்வதை எடுத்துக்கொண்டிருக்கிறார். மூன்றாவது ஆள் கல்லூரிப் பையன். மூவரும் சனிக்கிழமைகளில் கூடுகிறார்கள், கூலி கிடையாது.

நான் வீட்டிலேயே உப்புத்தாளை வைத்து ஒரு மூலையைத் தேய்த்திருந்தேன். அதைப் பார்த்ததும் பெரியவரின் முகம் மாறிவிட்டது. அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் இருக்கும். அடியில் பச்சை கலந்த மஞ்சளாகத் தெரியும் பிரைமர் ஜிங்க் குரோமேட். அதன் தூசியை மூச்சில் இழுத்தால் புற்றுநோய் வரை போகும். ஆகவே இங்கே உலர்வாக யாரும் எதையும் தேய்ப்பதில்லை. தண்ணீர் தொட்டுத்தான் தேய்ப்பார்கள், முகமூடியைக் கழற்றவே மாட்டார்கள். சில விமான மீட்டர்களைத் திறக்காமலே பெட்டியில் போட்டு மூடி வைத்திருந்தார்கள். முட்களில் ரேடியம் பூசியவை. ஒளிர்வது எப்போதோ நின்றுபோனது, கதிர்வீச்சு நிற்கவில்லை. ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 வருடம்.

கறுப்புதானே, கடையில் ஒரு டப்பா வாங்கி அடித்தால் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டுதான் போயிருந்தேன். அந்தச் சுருக்கப் பூச்சு எப்படி உண்டாகிறது என்று அவர் சொன்னபோது எனக்குப் பால் காய்ச்சுவது ஞாபகம் வந்தது. மேலே ஆடை படிகிறது, அடியில் பால் அப்படியே இருக்கிறது. ஊதினால் ஆடை மடிந்து சுருங்குகிறது. இதுவும் அதைப் போலத்தான். பெயிண்டில் டங் எண்ணெய் இருக்கும். சீன மரம் ஒன்றின் கொட்டையிலிருந்து எடுப்பது, மிக வேகமாக உலரக்கூடியது. சூடு படும்போது மேல்பரப்பு முதலில் தோலாகிவிடுகிறது. அடியில் இன்னும் ஈரம். தோல் விரியப் பார்க்கிறது, விரிய இடமில்லை, அதனால் மடிகிறது. வார்ப்பில் இருந்த சின்னச் சின்னக் குறைகளை இந்த மடிப்பு மறைத்துவிடும், வெளிச்சம் பட்டால் கண் கூசாது. மெருகேற்றும் வேலை மிச்சமாகும் என்பதால் தொழிற்சாலைகளுக்கு இது பிடித்துப்போயிற்று.

இந்தப் பூச்சின் காப்புரிமைகளை வைத்திருந்த நியூ ரிங்கிள் நிறுவனம் இதே ஓஹையோவைச் சேர்ந்தது. 200க்கும் மேற்பட்ட பெயிண்ட் கம்பெனிகளுக்கு உரிமம் கொடுத்து, எல்லோரும் ஒரே குறைந்தபட்ச விலைக்குக் கீழே விற்கக் கூடாது என்று கட்டிவைத்ததாக அரசு தொடுத்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1952இல் அங்கே நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. சுருக்கம் விழும் பெயிண்டுக்கு அவ்வளவு சந்தை இருந்திருக்கிறது.

பெரியவர் சுவரில் ஒரு கம்பியில் தகர வில்லைகளைக் கோத்து மாட்டியிருந்தார், சாவிக்கொத்து போல. எல்லாம் ஒரே டப்பாப் பெயிண்ட். ஆனால் ஒன்று சொரசொரப்பான தோல் மாதிரி, ஒன்று நெருக்கமான மணல் மாதிரி, இன்னொன்றில் சுருக்கமே விழாமல் வழவழவென்று. மெல்லிசாக அடித்தால் சுருக்கம் விழாது. கனமாக அடித்தால் மடிப்பு பெரிதாகிவிடும். மடிப்பு பெரிதானால் ஒவ்வொரு மேட்டிலும் வெளிச்சம் தங்கி, அதே கறுப்பு வெளிறித் தெரிகிறது. நிறத்தைப் பொருத்துவது என்றால் இங்கே கனத்தையும் சூட்டையும் பொருத்துவதுதான். ஒவ்வொரு வில்லையாக எடுத்து, என் ரேடியோவின் தீப்பெட்டி அகலக் கறுப்புக்குப் பக்கத்தில் வைத்து, கையில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஆள்காட்டி விரலால் இரண்டையும் மாறி மாறித் தடவினார். ஐந்தாவது வில்லையில் விரல் நின்றது.

அது முடிவான பிறகு வேலை விறுவிறுவென்று நடந்தது. பெயர்த்தகடு இருந்த இடத்தை மட்டும் நாடா ஒட்டி மூடிவிட்டு மீதிச் சாம்பலை எடுத்தார்கள். முதல் கோட் இடமிருந்து வலம், இரண்டாவது மேலிருந்து கீழ், மூன்றாவது மூலைவிட்டமாக. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஐந்து நிமிடம். அப்புறம் ஓவனில் 93 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம்.

அது வெந்துகொண்டிருந்தபோது பையனிடம் போனேன். அவன் கையில் பி.சி.-611, காலாட்படை வீரர்கள் காதோடு வைத்துப் பேசிய ஹேண்டி-டாக்கி. இதற்கு ஆலிவ் டிராப், ராணுவப் பச்சை. கண்ணாடித் துண்டின் மேல் மஞ்சள் காவியைக் கொட்டினான். பக்கத்தில் ஒரு துளி கறுப்பு. இரண்டையும் கரண்டியால் குழைத்தான். என் கண்ணெதிரே மஞ்சள் பச்சையாக மாறிற்று. டப்பாவில் பச்சை என்று எதுவுமே இல்லை. இன்னொரு துளி கறுப்பு விட்டதும் காட்டின் நிழல் மாதிரி ஆழ்ந்தது. எத்தனை தடவை செய்தாலும் இந்த இடத்தில் தனக்குச் சந்தோஷமாக இருக்கிறது என்றான். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

நிறத்துக்கு எண் இருக்கிறதே, 34087 என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதைக் கொடுத்துக் கடையில் கலக்கச் சொல்லக் கூடாதா என்று கேட்டேன். அந்த ஐந்து இலக்கத்துக்கு ஒரு கணக்கு உண்டு: முதல் 3 என்றால் மினுக்கம் இல்லாதது, அடுத்த 4 என்றால் பச்சைக் குடும்பம். ஆனால் அந்த எண்களைக் கொண்ட அமெரிக்க அரசின் நிற அட்டவணை வந்தது 1956இல். இந்தப் பெட்டி அதற்குப் பத்து வருடத்துக்கு மேல் மூத்தது. பின்னால் வந்த எண்ணை முன்னால் பிறந்த பெட்டிக்கு மாட்டினால், பக்கத்தில் வருமே தவிர அதுவே ஆகாது. பையன் பாட்டரி மூடியின் உட்புறத்தில் தப்பித்திருந்த பழைய பச்சையைத்தான் பார்த்துக் கலந்துகொண்டிருந்தான்.

காய்ந்த மாதிரியை மூடியோடு சேர்த்துப் பிடித்தான். பல்பு வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுதான் என்று சத்தியம் செய்திருப்பேன். கொட்டகைக் கதவருகே போனதும் புதியது பச்சையாகவும் பழையது பழுப்பாகவும் பிரிந்து நின்றன. இரண்டிலும் இருக்கும் நிறமிகள் வேறு வேறு. ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போகும், இன்னொன்றில் காட்டிக்கொடுத்துவிடும். முணுமுணுக்காமல் திரும்ப உட்கார்ந்து காவியில் துளி சிவப்புச் சேர்த்தான். அன்றைக்கு அது ஆறாவது மாதிரி.

எழுத்து வேலை செய்யும் அம்மாவிடம் ஒரு கிண்ணத்தில் வெள்ளைப் பெயிண்ட் இருந்தது. வெள்ளை என்று சொல்ல முடியாது. தயிரில் ஒரு சிட்டிகை மஞ்சள் விழுந்த நிறம். குழியாக வெட்டிய எழுத்துகளில் அதை நிரப்பி, மேலே வழிந்ததைத் துணியால் துடைக்கிறார். பளிச்சென்ற வெள்ளையை நிரப்பினால் பத்து பழைய எழுத்துகளுக்கு நடுவில் இரண்டு புதியவை கத்தும் என்றார். பெட்டியில் பாதிக்கு மேல் பழைய பூச்சு மிஞ்சியிருந்தால் முழுதாகப் பெயிண்ட் அடிக்கவே கூடாது என்பது அவர் கட்சி. பெரியவருக்கோ தொழிற்சாலையிலிருந்து வந்த அன்று இருந்த மாதிரி பார்க்க வேண்டும். இருவரும் இதைப் பல வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான் அந்த அம்மாவின் பக்கம். ஆபரேட்டரின் மணிக்கட்டு உரசித் தேய்ந்த இடத்தை மூடிவிட்டால், அந்த மணிக்கட்டு அங்கே இருந்ததற்கு வேறு அடையாளம் இல்லை. என் ரேடியோவில் அது ஏற்கெனவே போய்விட்டிருந்தது; அதனால்தான் முழுப் பூச்சுக்கு ஒத்துக்கொண்டேன்.

ஓவன் திறந்தது. சுட்ட எண்ணெய் வாசனை கொட்டகை முழுக்கப் பரவிற்று. ஆறிய பிறகு பெரியவர் நாடாவை உரித்தார். புதிய கறுப்பும் பழைய கறுப்பும் ஒட்டி நின்றன. மடிப்பின் அளவு ஒன்றாகவே இருந்தது. கதவு வெளிச்சத்தில் மட்டும் பழையதில் மெல்லிய பழுப்புச் சாயல் தெரிந்தது. புதியதில் அது இல்லை. அதற்கு ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

அந்தத் தீப்பெட்டி அகலத்தை அவர் தொடவில்லை. இனிமேல் இந்த ரேடியோவைத் திறக்கும் ஆளுக்கு என்று சொல்லிவிட்டு, பெயர்த்தகட்டை அதன் மேல் வைத்துத் திருகுகளை ஒவ்வொன்றாக முடுக்கினார்.