பாகுப் பதமும் எதிர்வீட்டுப் பிள்ளையும்

மிச்சிகனில் நவம்பர் கடைசியில் நன்றி நவிலும் நாள் விருந்து முடிந்த கையோடு வீடுகளில் இனிப்பு கிண்டும் வேலை ஆரம்பமாகிவிடும். தெருவெல்லாம் பனி கொட்டிக் கிடக்கும். வாசலில் பூட்ஸைத் தட்டி உதறிவிட்டு ஒருவர் தகர டப்பாவோடு நிற்பார். மூடியைத் திறந்தால் மெழுகுத்தாள் விரித்து, சதுரம் சதுரமாக அடுக்கிய ஃபட்ஜ். சர்க்கரை, பால், வெண்ணெய், கொக்கோ சேர்த்துக் காய்ச்சி, அக்ரூட் பருப்பை உடைத்துப் போட்டு இறக்குகிற பண்டம். நம்மூர்ப் பால்கோவாவும் பர்ஃபியும் கலந்தாற்போல் இருக்கும். கிறிஸ்துமஸ் வரைக்கும் டெட்ராய்ட்டைச் சுற்றியுள்ள எங்கள் பக்கத்துத் தெருக்களில் இந்த டப்பாக்கள் வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கும்.

பக்கத்து வீட்டம்மா எழுபதைத் தாண்டியவர். எனக்கு ஃபட்ஜ் கிண்டச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அடி கனமான பாத்திரம், மரக்கரண்டி, பாத்திர விளிம்பில் மாட்டிய வெப்பமானி, இவ்வளவுதான் அவருடைய சாமான்கள். பாகு 235 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டதும் அடுப்பை அணைத்துவிடுவார். அதன்பிறகு யாரும் அந்தப் பாத்திரத்தைத் தொடக்கூடாது, அசைக்கக்கூடாது. அடிப்பகுதியில் உள்ளங்கையை வைத்தால் சுடாத அளவுக்கு, ஏறக்குறைய 110 டிகிரிக்கு, இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். சூட்டோடு கிளறினால் சர்க்கரை பெரிய பெரிய படிகமாகத் திரண்டு நாக்கில் மணல் மாதிரி நெருடும். ஆறவிட்டு விடாமல் அடித்தால் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய படிகங்களாக இறங்கும். அடிக்க அடிக்கக் கரண்டி கனக்கும், தோள்பட்டை வலிக்கும். மேலே இருந்த மினுமினுப்பு சட்டென்று மங்கும். அந்த நொடியில் பருப்பைப் போட்டுத் தட்டில் கொட்டிவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் பாத்திரத்திலேயே இறுகிவிடும்.

இந்தப் பண்டத்துக்குப் பெரிய வயதில்லை. 1886 இல் பால்டிமோரில் ராத்தல் 40 சென்ட்டுக்கு விற்ற ஃபட்ஜைப் பற்றி எமிலின் ஹார்ட்ரிட்ஜ் என்ற பெண் எழுதிவைத்த கடிதம்தான் இதற்குக் கிடைக்கும் பழைய சான்றுகளில் முக்கியமானது. அவர் நியூயார்க் மாநிலத்தில் அப்போது மகளிர் கல்லூரியாக இருந்த வாஸரில் படித்தவர். 1888 இல் அங்கே நடந்த ஏலத்துக்காக 30 ராத்தல் கிண்டியிருக்கிறார். அங்கிருந்து மற்ற பெண்கள் கல்லூரிகளுக்கும் செய்முறை பரவியது. எங்கள் மாநிலத்து மாக்கினா தீவில் 1887 முதல் கடைபோட்டு விற்கிறார்கள். இன்றைக்கும் பளிங்குக்கல் மேசையில் கொதிக்கும் பாகை ஊற்றி, நீண்ட கரண்டியால் புரட்டிப் புரட்டிச் சேர்ப்பதைப் பார்க்கக் கூட்டம் நிற்கும். விடுதியில் தங்கிப் படித்த பெண்கள் கைக்குக் கிடைத்ததை வைத்து, தோழிகளுக்குப் பங்கு போடுவதற்காகப் பிரபலமாக்கிய இனிப்பு இது என்பதே எனக்குப் பிடித்த சேதி.

எங்கள் ஊர் இண்டூர். தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகிற சாலையில் இருக்கிறது. மானாவாரிக் காடுகள், கேழ்வரகு, கொள்ளு, அவரையோடு நிலக்கடலையும் உண்டு. ஆடியில் விதைத்த கடலை ஐப்பசி, கார்த்திகையில் களத்துக்கு வந்துவிடும். செடியைப் பிடுங்கிக் காயை ஆய்ந்து, காயவைத்து, மூட்டை கட்டிய பிறகு வீட்டுக்கென்று ஒதுக்கியதை உடைக்க உட்காருவோம். நகக்கண் வலிக்க வலிக்க உடைத்தாலும் வாயில் போனதே பாதி இருக்கும். கார்த்திகை தீபத்துக்குப் பொரி உருண்டையும் கடலை உருண்டையும் பிடிக்காத வீடு எங்கள் தெருவில் இருக்காது.

அம்மா கடலையை மணல் போட்டு வறுப்பார். முறத்தில் தேய்த்துப் புடைத்தால் சிவப்புத் தோல் பறந்து வாசல் முழுக்கக் கிடக்கும். வெல்லத்தைத் தட்டிக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, இரும்புச் சட்டியில் காய்ச்சுவார். வெப்பமானிக்கு அங்கே என்ன வேலை? கிண்ணத்துத் தண்ணீரில் ரெண்டு சொட்டு விட்டு, அது இறுகியதும் எடுத்துத் தட்டில் போடுவார். “டங்குன்னு கேக்கணும் கண்ணு. மெத்துன்னு உழுந்தா இன்னும் வேகணும்.” டங்கென்று கேட்டதும் சுக்கும் ஏலக்காயும் தட்டிப்போட்டு, கடலையைக் கொட்டிக் கிளறி, கையில் அரிசிமாவு தொட்டுக்கொண்டு சூடு பொறுக்கப் பொறுக்க உருட்டுவார். 300 டிகிரியை ஒட்டிய பதம் அது. ஃபட்ஜுக்குச் சர்க்கரை நுண்ணிய படிகமாக வேண்டும். கடலை உருண்டையிலோ படிகமே கட்டக்கூடாது, கண்ணாடி மாதிரி உறைய வேண்டும். வெல்லத்தில் இயல்பாகவே கொஞ்சம் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கலந்திருப்பதால் அது எளிதில் படிகம் கட்டாமல் காக்கிறது. 2020 இல் புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டிக் கடலை மிட்டாயின் அடிப்படையும் இந்தக் கடலையும் வெல்லமும்தான்.

ஒரு விஷயத்தில் மிச்சிகன் நமக்குச் சாதகம். ஊரில் கார்த்திகை மழைக்கு உருண்டை இரண்டே நாளில் கசிந்து ஒட்டிக்கொள்ளும். இங்கே டிசம்பரில் இரவும் பகலும் ஹீட்டர் ஓடுவதால் வீட்டுக்குள் காற்று வறண்டு கிடக்கும். கடலை மிட்டாய் மொறுமொறுப்புக் குறையாமல் நிற்கும். பக்கத்து வீட்டம்மாவுக்கு அது ரொம்பப் பிடிக்கும். அக்ரூட்டுக்குப் பதில் வறுத்த கடலையும் ஏலக்காயும் போட்டு நான் கிண்டிய ஃபட்ஜையும் அவர் தன் விருந்துத் தட்டில் வைத்தார்.

இண்டூரில் பண்டிகைப் பலகாரம் கொடுக்க யாரையும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. தட்டில் வைத்து, துணியால் மூடி, பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்பினால் போதும். தட்டு வெறுமையாகத் திரும்பி வராது. இந்த நாட்டில் அந்தப் பழக்கம் அப்படியே செல்லாது என்பது மகளைப் பள்ளியில் சேர்த்தபோது தெரிந்தது. வகுப்புக்கு வேர்க்கடலை சேர்ந்த எதையும் கொடுத்தனுப்பாதீர்கள் என்று முதல் வாரமே தாள் வந்தது. எதிர்வீட்டுச் சிறுமிக்குக் கடலை ஒவ்வாமை உண்டு. அவளுடைய அம்மாவின் கைப்பையில் எபிநெஃப்ரின் ஊசி எப்போதும் இருக்கும். துளி கடலை உள்ளே போனாலும் தொண்டை வீங்கி, ரத்த அழுத்தம் விழுந்து, நிமிஷக் கணக்கில் உயிருக்கு ஆபத்தாகலாம்.

அம்மாவிடம் போனில் சொன்னபோது நம்பவில்லை. “கடலை தின்னா மூச்சு அடைக்குமா? நீங்கெல்லாம் அதத் தின்னுதானே வளந்தீங்க?” அம்மா கேட்டது நியாயமான கேள்வி. லண்டன் கிங்ஸ் கல்லூரியின் கிடியன் லாக் குழுவினரும் அப்படித்தான் கேட்டார்கள். பிரிட்டனிலுள்ள யூதக் குழந்தைகளுக்கு, இஸ்ரேலில் வளரும் குழந்தைகளைவிட, ஏறக்குறைய பத்து மடங்கு அதிகமாகக் கடலை ஒவ்வாமை இருப்பதை 2008 இல் கண்டார்கள். இஸ்ரேலில் கைக்குழந்தையாக இருக்கும்போதே கடலைப் பொரியைத் தின்னக் கொடுத்துவிடுகிறார்கள். அதன்பிறகு, ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகமுள்ள 640 குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 2015 இல் வந்தது. முதல் வருஷத்திலேயே கடலை கொடுக்கத் தொடங்கிய குழந்தைகளுக்கு, ஐந்து வயதில் ஒவ்வாமை 80 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தது. ஒரு காலத்தில் கடலையைத் தள்ளிப்போடச் சொல்லிவந்த மருத்துவ உலகம் பேச்சை மாற்றிக்கொண்டது. 2017 இல் அமெரிக்காவிலும் புதிய வழிகாட்டுதல் வந்தது. கடுமையான கரப்பான் உள்ள குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். முழுக்கடலை சின்னப் பிள்ளைகளுக்குத் தொண்டையில் சிக்கும் என்பதால் மாவாகவோ குழைவாகவோதான் தர வேண்டும்.

ஆனால் இதெல்லாம் இனிப் பிறக்கும் குழந்தைகளுக்கு. எதிர்வீட்டுப் பிள்ளைக்கு ஒவ்வாமை வந்தாயிற்று. நம்மவர் கூடுகிற இடங்களில், ‘இதெல்லாம் வெள்ளைக்காரங்க வியாதி, நம்ம உடம்பு தாங்கும்’ என்று யாராவது கையை உதறினால் எனக்குக் கோபம் வருகிறது. நம் பிள்ளைகளுக்கும் இது வருகிறது. ஊசி வைத்துக்கொண்டு அலையும் தமிழ் அம்மாக்களும் இங்கே இருக்கிறார்கள். ‘எங்கள் வீட்டில் இது ஆகாது’ என்று ஒரு தாய் சொல்லும்போது அதில் நம் சமையலுக்கு அவமரியாதை எதுவுமில்லை. கேட்டுவிட்டுக் கொடுப்பதால் பாசம் குறைந்துவிடாது. கேளாமல் கொடுப்பது ஊரில் உரிமையாக இருந்தது. இங்கே கேட்பதற்குத்தான் அந்த இடம்.

வழி சொன்னதும் அம்மாதான். “அந்தப் புள்ளைக்குப் பொரி உருண்டை புடிச்சுக் குடேன். அரிசிப் பொரிதானே, அதுல என்ன இருக்கு?” எள்ளையும் சேர்க்க முடியாது. இந்நாட்டுச் சட்டத்தில் 2023 முதல் எள்ளும் ஒவ்வாமைப் பொருள் பட்டியலில் ஒன்பதாவதாகச் சேர்ந்துவிட்டது. அந்தச் சிறுமிக்கு எள் ஆகுமா என்று இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை என்றார் அவள் அம்மா. இந்தியக் கடைப் பொரியிலும் கடலை தயாராகும் ஆலையில் அடைத்தது என்ற எச்சரிக்கை இருக்கக்கூடும் என்பதால் பொட்டலத்துப் பொடி எழுத்தை அவரும் நானும் சேர்ந்து படித்துத் தேர்ந்தெடுத்தோம். கடலை படாத தனிச் சட்டி, தனிக் கரண்டி. கடலை மூட்டையைப் பிரிப்பதற்கு முன்பே அவர்கள் வீட்டு உருண்டை முடிந்துவிடும். டப்பா மூடியில் உள்ளே போட்டதையெல்லாம் எழுதி ஒட்டுவேன்: அரிசிப் பொரி, வெல்லம், சுக்கு, ஏலக்காய்.

இப்போது அந்தச் சிறுமியின் அம்மாவுக்கே செய்யக் கற்றுக்கொள்ள ஆசை. பாகுப் பதம் எத்தனை டிகிரி என்று கேட்டார். என் அம்மாவைக் கேட்டால், தண்ணீரில் விட்டு விரலால் உருட்டினால் கெட்டி உருண்டையாகத் திரள வேண்டும் என்பார். அந்தப் பதத்தில் வெப்பமானியை வைத்துப் பார்த்தேன், 250 ஐத் தாண்டி நின்றது. இரண்டையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்த டிசம்பரில் எங்கள் வீட்டுக்கு வரப்போகும் பொரி உருண்டை அவர் பிடித்தது.