ரோஜாவின் அக்கம்பக்கம்

மரிக்கொழுந்து வாசனை எங்கே வந்தாலும் நிலக்கோட்டை அத்தை வீட்டுக் கொல்லை ஞாபகம் வந்துவிடும். பூச்சந்தைக்குப் பேர்போன ஊர். அத்தை விற்பதற்காக எதையும் வளர்க்கவில்லை. சாமி படத்துக்கும் தன் தலைக்கும் பூ வேண்டும், அவ்வளவுதான். பன்னீர் ரோஜா ஒரு வரிசை, அதற்குச் சற்றுத் தள்ளி மரிக்கொழுந்து, வாய்க்கால் ஓரமாகத் திருநீற்றுப்பச்சை. கதம்பத்தில் எது எதோடு சேருமோ அதையெல்லாம் பக்கம் பக்கமாக நட்டிருந்தாள். எந்தச் செடிக்கு எது துணை என்பதை நார் கிழித்துப் பூத்தொடுத்தபடியே முடிவு செய்திருப்பாள் என்று தோன்றும்.

கதம்பத்தில் கனகாம்பரமும் உண்டு. ஆனால் அதை மட்டும் ரோஜாவை அண்ட விடமாட்டாள். கிணற்றடிக்கு அந்தப் பக்கம் தனியாக இருக்கும். காரணம் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் விளங்கியது. வாடிப்போன ஒரு கனகாம்பரத்தைப் பிடுங்கி, வேரை வாளித் தண்ணீரில் அலசிப் பார்த்தேன். சல்லிவேர் முழுக்கக் கடுகைக் கோத்ததுபோல முடிச்சு முடிச்சாக இருந்தது. நூற்புழுவின் வேலை. கண்ணுக்குத் தெரியாத அந்தப் புழுவுக்குக் கனகாம்பர வேர் என்றால் கொண்டாட்டம். அங்கே பெருகியது மண்வெட்டியில் ஒட்டிய மண்ணோடும் பாயும் தண்ணீரோடும் அடுத்த பாத்திக்குப் போய்விடும்.

நூற்புழு என்றதும் எல்லோரும் செண்டுமல்லியைச் சொல்வார்கள். சரிதான், அதன் வேரில் இருக்கும் ஆல்பா-டெர்தியெனைல் என்ற பொருள் நூற்புழுவைக் கொல்லக்கூடியது. ஆனால் ரோஜாத் தூரில் இரண்டு செண்டுமல்லியை ஊன்றிவிட்டால் காவல் வைத்தாயிற்று என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வேர் ஓடும் இடத்தில்தான் அந்த மருந்து வேலை செய்யும். ரோஜா வைக்கப்போகும் பாத்தியில், அதற்கு முன்பே சில மாதம் செண்டுமல்லியை நெருக்கமாக வளர்த்து, அப்படியே மண்ணில் மடக்கி உழுதுவிட வேண்டும். கோடையில் செஞ்சிலந்தி செண்டுமல்லியில் ஏறினால் அடுத்து ரோஜாவுக்கும் தாவும் என்பதையும் மறக்கக்கூடாது. என்னைக் கேட்டால், செண்டுமல்லி ரோஜாவுக்கு முன்னால் வந்துவிட்டுப் போக வேண்டிய செடி.

பக்கத்தில் பக்கத்தில் நட்டதாலேயே பிறந்த ரோஜா ஒன்று உண்டு. இந்துமாக்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவுக்கு அந்நாளில் பூர்போன் என்று பெயர். அங்கே குடியானவர்கள் நிலத்துக்கு வேலியாக ரோஜா வைத்தார்கள், சீனத்து ‘ஓல்ட் பிளஷ்’ ரோஜாவையும் ஆண்டில் இரண்டாம் முறையும் பூக்கும் டமாஸ்க் ரோஜாவையும் கலந்து. 1817 வாக்கில் தீவின் தாவரத் தோட்டத்தைக் கவனித்துவந்த பிரெயோன், அந்த வேலிகளில் தோன்றிய, இரண்டின் சாயலும் கொண்ட செடி ஒன்றைக் கண்டெடுத்தார் என்பது வரலாறு. விதை பாரிஸுக்குப் போயிற்று, பூர்போன் ரோஜாக்கள் என்று ஒரு வம்சமே கிளைத்தது. தீவில் அந்தச் செடிக்கு எட்வர்ட் என்று பெயர். தமிழ்நாட்டு நாற்றுப்பண்ணைகளில் இன்றைக்கும் எட்வர்ட் ரோஜா என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். எங்கள் பக்கம் பன்னீர் ரோஜா என்று விற்பதிலும் அது கலந்திருக்கிறது. அத்தை வீட்டு வரிசையின் பூர்விகம் ஏதோ ஒரு தீவின் வேலியாக இருக்கலாம் என்பது எனக்கு இன்றும் தீராத சந்தோஷம்.

ஊட்டி ரோஜாப் பூங்காவில் வேறு மாதிரி. எல்க் மலைச் சரிவில் 1995-இல் அமைத்த தோட்டத்துக்கு 2006-இல் உலக ரோஜா சங்கங்களின் கூட்டமைப்பு விருது கொடுத்தது. அடுக்கடுக்காக இறங்கும் பாத்திகளில் ரோஜா, ரோஜா, ரோஜா. வகைகளை ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் வசதி. மலைக்காரர்கள் வீட்டில் ரோஜாவோடு லாவண்டர் வைக்கலாம். ஆசைப்பட்டு மதுரைக்கு வாங்கிவந்தால் அது ஒரு மழைக்காலம் தாண்டாது. கீழ்நாட்டில் அந்த இடத்துக்கு மரிக்கொழுந்தும் திருநீற்றுப்பச்சையும் இருக்கும்போது ஏன் ஏங்க வேண்டும்?

ரோஜாவுக்கு ஓர் அடி தள்ளியே மற்றதை நடும் பழக்கத்தைப் பற்றி அத்தையிடம் ஒருமுறை கேட்டேன். “அதுக்குக் காத்து வேணும்ப்பா. காலடியில எதையும் நெருங்கவிடாத” என்றாள். கரும்புள்ளி நோய் பற்றிப் படித்தபோது அந்தச் சொல்லின் கனம் புரிந்தது. அந்தப் பூஞ்சையின் வித்து முளைக்க இலை ஏழு மணி நேரமாவது தொடர்ந்து ஈரமாக இருக்க வேண்டும். தூரைச் சுற்றிப் புதினாவும் பசலையும் அடைத்துக்கொண்டால், காலைப் பனி காயாமல் அந்த ஏழு மணி நேரத்தைப் பூஞ்சைக்குக் கொடுத்துவிடும். ரோஜா பெருந்தீனிக்காரச் செடி வேறு. போடும் எருவைப் பங்குபோட யாரும் நெருங்கக்கூடாது. புதினாவைத் தொட்டியிலேயே வையுங்கள். செம்பருத்தியையும் தூர வையுங்கள். அதில் வரும் மாவுப்பூச்சி ரோஜாவையும் பிடிக்கும்.

பூண்டு வைத்தால் பூச்சி வராது என்று ஒரு பேச்சு உண்டு. தோட்டக்கலை எழுத்தாளர் லூயிஸ் ரியாட், ரோஜாவுக்குப் பூண்டு பிடிக்கும் என்பதையே புத்தகத்தின் தலைப்பாக வைத்தார். பூண்டு நடுவதில் தப்பில்லை, ஆனால் அசுவினிக்கு நான் நம்புவது பூத்த கொத்தமல்லியை. கிள்ளாமல் விட்டால் வெள்ளைக் குடைக் குடையாகப் பூக்கும். தேனீபோல் வரிபோட்ட ஒரு சின்ன ஈ அதில் தேன் குடிக்க வந்து அந்தரத்தில் நிற்கும். முட்டையை அசுவினி மொய்த்த ரோஜாத் தளிரில்தான் இடும். சில நாளில் காலில்லாத பச்சைப் புழு ஒன்று தளிரில் தலையை இப்படியும் அப்படியும் துழாவும். அசுவினி தட்டுப்பட்டதும் கவ்வி, தூக்கிப் பிடித்து, உள்ளிருப்பதை உறிஞ்சிவிட்டுத் தோலைப் போட்டுவிடும். பக்கத்திலேயே பொறிவண்டின் கறுத்த குஞ்சும் மேயும். இந்த நேரத்தில் மருந்து தெளித்தால் அசுவினியோடு இவையும் போய்விடும். அசுவினிதான் முதலில் திரும்பி வரும்.

கீழ்நாட்டில் ரோஜாவுக்குக் கவாத்து ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள். வெட்டிய மூன்றாம் வாரம் புதுத் தளிர் சிவப்பாகக் கிளம்பும், அசுவினியும் கூடவே. கொத்தமல்லி பூக்க ஒன்றரை மாதம் ஆகும். ஆகவே கவாத்துக்கு மூன்று வாரம் முன்பே, வரிசைகளின் நடுவில், தூருக்கு ஓர் அடி விட்டு விதைத்துவிட வேண்டும். விதையை இரண்டாக உடைத்துத் தூவுங்கள், மழை இடைவெளி பார்த்து.