திருவையாற்றைக் காட்ட மறந்தேன்

அப்பர் பெருமானின் கயிலைப் பயணத்தை அறியாத அன்பர்கள் இருக்க முடியாது. முதிய வயதில் கயிலைநாதனைக் காணப் புறப்பட்டார். நடந்து நடந்து பாதங்கள் தேய்ந்தன, கைகளால் தவழ்ந்தார். கைகளும் தேய்ந்தன, மார்பால் ஊர்ந்தார். அதுவும் இயலாதபோது உடலைப் புரட்டிச் சென்றார். முனிவர் வடிவில் எதிரே வந்த இறைவன், மானுடர்க்கு இப்பயணம் கூடாது, திரும்பிச் செல்க என்றார். அப்பர் இசையவில்லை. அங்கிருந்த பொய்கையில் மூழ்குமாறு இறைவன் பணித்தார். மூழ்கியவர் திருவையாற்றில் எழுந்தார். அங்கேயே கயிலைக் காட்சி கண்டார். ஆடி அமாவாசையன்று திருவையாற்றில் இன்றும் இதனை விழாவாகக் கொண்டாடுகிறோம்.

சிறு வயது முதல் பலமுறை கேட்ட வரலாறுதான். ஆயினும் அதன் உட்பொருளை எனக்கு உணர்த்தியவர், ஏற்காட்டு மலைச் சிற்றூர் ஒன்றில் வாழும், எண்பதைக் கடந்த ஒரு பாட்டி.

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் ஏற்காடு. ஏரியையும் தாண்டிக் காப்பித் தோட்டங்களினூடே மேலும் ஏறினால், சுமார் 5,300 அடி உயரத்தில் சேர்வராயன் மலையின் உச்சி. அங்கே குகையே கருவறை. இருள் சூழ்ந்த அக்குறுகிய குகையில் சேர்வராயன் சுவாமியும் காவேரி அம்மனும் எழுந்தருளியிருக்கின்றனர். தலை குனிந்தே உள்ளே செல்ல வேண்டும். மே மாதத்தில் நடைபெறும் திருவிழாவுக்கு மலையாளிப் பழங்குடி மக்கள் ஊர் ஊராகத் திரண்டு வருவார்கள். பெயரைக் கொண்டு இவர்களைக் கேரளத்தவர் என எண்ணிவிடலாகாது. இவர்கள் தமிழ் பேசும் மலைவாழ் மக்கள். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது இவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி.

உளவியலாளராகிய நான், வீட்டைவிட்டு வெளியே வர இயலாத முதியவர்களை இம்மலையூர்களில் தேடிச் சென்று காண்கிறேன். மருந்து எழுதிக் கொடுப்பது என் பணியன்று. அருகில் அமர்ந்து பேசுவதும், பேச விடுவதும், மனத்தளர்ச்சியைக் கண்டறிந்து அதற்குரிய வழியை வீட்டாருடன் சேர்ந்து தேடுவதுமே என் பணி. இருந்தாலும் ஊரார் என்னை 'டாக்டரம்மா' என்றே அழைப்பார்கள்.

முதுமை வேறு, தளர்ச்சி வேறு என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். எண்பது வயதிலும் உறுதியாக நடப்பவர் உண்டு. அறுபத்தைந்திலேயே தளர்ந்தவரும் உண்டு. அமெரிக்க மருத்துவர் லிண்டா ஃப்ரீட் தம் குழுவினருடன் 2001-இல் தளர்ச்சிக்கு ஐந்து அடையாளங்களை வகுத்தளித்தார். காரணமின்றி எடை குறைதல், எப்போதும் களைப்பு, கைப்பிடி வலுவிழத்தல், நடை மந்தமாதல், நடமாட்டம் குறைதல் என்பவையே அவை. இவற்றுள் மூன்று சேர்ந்து காணப்பட்டால் அவரைத் தளர்ந்தவர் எனக் கொள்ள வேண்டும். அத்தகையவருக்குச் சிறு காய்ச்சலும் சிறு சறுக்கலும் பெருந்துன்பமாக முடியக்கூடும்.

நான் சொல்லும் பாட்டியிடம் இவற்றுள் நான்கு இருந்தன. இளமை முதல் காப்பிப் பழம் பறித்து உழைத்த உடல். கணவர் மறைந்து பல ஆண்டுகள் ஆயின. மகன், மருமகள், பேத்தியுடன் வாழ்கிறார். ஒரு நாள் பனியில் நனைந்திருந்த வாசற்படியில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, தெய்வம் காத்தது. ஆனால் வீட்டார் மிகவும் அஞ்சிவிட்டனர். திருவிழாவுக்கு இன்னும் இரண்டு வாரமே இருந்தது.

"இந்த வருஷம் மலைக்கு வேண்டாம்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க டாக்டரம்மா. நாங்க சொன்னா கேக்க மாட்டாங்க" என்றார் மகன்.

நானும் சொன்னேன். கூட்டம், மேடு பள்ளம், குனிந்து நுழைய வேண்டிய குகை என எல்லாவற்றையும் எடுத்துக் கூறி, "வீட்டிலேயே இருங்கள் பாட்டி, சுவாமி இங்கேயும் இருக்கிறார்" என்றேன். பாட்டி மறுத்து ஒரு சொல்லும் கூறவில்லை. அந்த மௌனத்தை இசைவு என்று எண்ணிக்கொண்டேன். கடமையைச் செம்மையாகச் செய்துவிட்ட நிறைவோடு மலைப்பாதையில் திரும்பி வந்தேன்.

திருவிழா முடிந்து சில வாரங்கள் கழித்துச் சென்றபோது பாட்டி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். களி, கஞ்சி எதுவும் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. கொல்லைக்குச் செல்வதற்கு மட்டுமே எழுந்தார். "வயசாயிடுச்சு, அவ்வளவுதான்" என்றார் மகன். நடமாட்டம் குறைந்தால் தசை மெலிகிறது. தசை மெலிந்தால் மறுபடி விழுவோமோ என்னும் அச்சம் வளர்கிறது. அந்த அச்சமே நடமாட்டத்தை மேலும் குறைக்கிறது. இச்சுழலை நான் நூல்களில் படித்தவள். அதற்குள் பாட்டியைத் தள்ளிய கைகளில் ஒன்று என்னுடையது என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை.

முதியோரின் மனச்சோர்வை அறிய 15 வினாக்கள் கொண்ட அளவுகோல் ஒன்று உலகெங்கும் வழக்கில் உள்ளது. அதிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டு வந்தேன். வெளியே செல்வதைவிட வீட்டிலேயே இருப்பதை விரும்புகிறீர்களா என்று ஒரு வினா. பாட்டி மெல்லத் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

"வூட்லயே இருன்னு சொன்னது நீதானே கண்ணு?"

அவர் குரலில் சினம் இல்லை. அதனாலேயே அச்சொல் என்னை ஆழமாகத் தைத்தது. தாளை மடித்து வைத்துவிட்டேன். திருவிழாவுக்கு முன்பாகவே கேட்டிருக்க வேண்டியதை அப்போதுதான் கேட்டேன்: "மலைக்குப் போனால் நீங்கள் என்ன செய்வீர்கள் பாட்டி?"

தலையணைக்கு அடியிலிருந்து ஒரு மஞ்சள் துணியை எடுத்தார். அதில் சிறு சிறு முடிச்சுகள். மலையேற இயலாத கிழவிகள், பிள்ளைப்பேறு வேண்டியவர்கள், திருப்பூருக்கும் பெங்களூருக்கும் பிழைக்கச் சென்ற மக்களுக்காக நேர்ந்துகொண்டவர்கள் எனப் பலர் கொடுத்த காணிக்கைக் காசுகளை ஆண்டுதோறும் இவர்தான் முடிந்து எடுத்துச் செல்வாராம். குகைக்குள் நின்று ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்து, இன்னாருக்காக என்று பெயர் சொல்லிச் சேர்ப்பாராம். எழுத்தறியாதவர், இருந்தும் ஒரு பெயரையும் மறந்ததில்லை.

"நான் போகாட்டி சாமிக்கு ஒண்ணும் கொறையில்ல கண்ணு. இவங்கெல்லாம் என்னை நம்பிக் குடுத்தது. அது இப்படியே கெடக்குதே."

திருவிழா பார்க்கும் ஆசையைத் தடுத்ததாக மட்டுமே நான் நினைத்திருந்தேன். உண்மையில் ஊரார் அவர் மீது வைத்திருந்த நம்பிக்கைக்கு அவரைக் கடனாளி ஆக்கியிருந்தேன். அப்பரிடம் திரும்பிச் செல்லுமாறு கூறிய இறைவன், அத்தோடு விட்டுவிடவில்லை, திருவையாற்றையும் காட்டினார். நானோ திரும்பிப் போ என்று மட்டும் சொன்னேன். திருவையாற்றைக் காட்ட மறந்தேன்.

வீட்டாரை அமர்த்திப் பேசினேன். முதலில் என் தவற்றை ஒப்புக்கொண்டேன். ஒரு மருத்துவரிடம் காட்டி அவர் உண்ணும் மருந்துகளையும் பார்வையையும் சோதித்தோம். இயன்முறை சிகிச்சையாளர் கற்றுத் தந்தபடி, நாற்காலியிலிருந்து கைபிடித்து எழுந்து அமரும் பயிற்சியைப் பேத்தி நாள்தோறும் செய்வித்தாள். முதல் நாள் இரண்டு முறை. சில வாரங்களில் எட்டு முறை. கோலும் வழுக்காத செருப்பும் வந்தன. மலைக்குப் போகிறோம் என்று தெரிந்தபின் கஞ்சியைத் தாமே கேட்டு வாங்கிக் குடித்தார்.

கூட்டமில்லாத ஒரு காலையில் ஜீப்பில் சென்றோம். உச்சிக்கு அருகே வரை வண்டி செல்லும். எஞ்சிய தொலைவை மூன்று இடங்களில் அமர்ந்து அமர்ந்து நடந்தார். குகை வாசலில் நின்று குனிய முயன்றார், இடுப்பு வளையவில்லை. என் நெஞ்சு பதைத்தது. பாட்டி பதறவில்லை. வெளியே அமர்ந்துகொண்டு மஞ்சள் துணியைப் பேத்தியின் கையில் கொடுத்தார்.

"நான் பேரு சொல்றேன். நீ உள்ளே போய் அவுத்துப் போடு."

ஒவ்வொரு பெயராக உரக்கச் சொன்னார். உள்ளிருந்து பேத்தி அதைத் திருப்பிச் சொல்லிக் காசைச் சேர்த்தாள். நெடுநேரம் ஆயிற்று. முடிந்ததும் திருநீறு பூசிக்கொண்டு, "பசிக்குது" என்றார்.

தளர்ச்சி அத்தோடு நீங்கிவிட்டது என்று சொன்னால் அது பொய்யாகும். இன்று அவர் பெரும்பாலும் கட்டிலில்தான் இருக்கிறார். ஆனால் திருவிழா நெருங்கும்போது ஊர்ப் பெண்கள் அவர் கட்டிலைத் தேடி வந்து காசு கொடுக்கிறார்கள். அவர் முடிகிறார், பெயர்களைச் சொல்லிக் கொடுக்கிறார், பேத்தி மலையேறுகிறாள்.

இதனை வாசிக்கும் பெரியோர்களுள் சிலர், நாள்தோறும் சென்ற கோயிலுக்கு இன்று செல்ல இயலாமல் வருந்திக்கொண்டிருக்கலாம். அவ்வருத்தத்தை உள்ளேயே வைத்து மறுகாதீர்கள். கோயிலில் நீங்கள் செய்துவந்தது எது என்று வீட்டாரிடம் சொல்லுங்கள். பூத்தொடுப்பதோ, பதிகம் பாடுவதோ, விளக்குக்கு எண்ணெய் தருவதோ, எதுவானாலும் இருந்த இடத்திலிருந்தே அதில் ஒரு பங்கைச் செய்ய வழி உண்டு. மற்றொரு பங்கைப் பேரப்பிள்ளையிடம் ஒப்படைக்கவும் வழி உண்டு.

இளையவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உணவில் வெறுப்பும், உறக்கக் கேடும், எதிலும் நாட்டமின்மையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் 'வயதாகிவிட்டது' என்று ஒதுக்காதீர்கள். மனச்சோர்வு முதுமையின் இயல்பன்று, தீர்க்கக்கூடிய நோய். அரசின் மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணிலும், முதியோர் உதவிக்கு 14567 என்ற எண்ணிலும் பேசலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியாக இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது.

இப்போதெல்லாம் எந்த முதியவரிடமும், 'இதைச் செய்யாதீர்கள்' என்று சொல்ல நேர்ந்தால், அதற்கு முன்பாக ஒரு கேள்வி கேட்டுவிடுகிறேன்: "அங்கே போனால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" அவர்கள் கூறும் மறுமொழியில்தான் அவரவர்க்குரிய திருவையாறு இருக்கிறது.